விழுங்கிய காசும் வென்ற வைத்தியமும்

தவழ்ந்து திரியும் குழந்தை தரையிலே கண்ட பொருள் எதுவாயினும் அதனை எடுத்து வாயில் இட்டுப் பார்க்கும். இஃது எந்நாட்டிலும் எக்காலத்திலும் உள்ள இயல்பு. மாளிகையிற் பிறந்த பிள்ளைக்கும் லயத்திற் பிறந்த பிள்ளைக்கும் இதில் வேறுபாடில்லை. கண்ணன் மண்ணைத் தின்றான் என்று கேட்டு யசோதை அவன் வாயைத் திறந்து பார்த்த கதையை நம் தாய்மார் யாவரும் அறிவர். அவள் அங்கே உலகங்களைக் கண்டாள். நம் தாய்மார் காண்பதோ ஒரு பொத்தான், ஒரு புளியங்கொட்டை, ஒரு சதக்காசு. சில வேளைகளில் வாயைத் திறந்து பார்க்கும்பொழுது அங்கே ஒன்றுமே இராது. பொருள் உள்ளே போய்விட்டிருக்கும். அந்தக் கணத்தில் தாயின் நெஞ்சு படும் பாட்டைச் சொல்லி முடியாது.

அவ்வாறு உள்ளே சென்ற பொருளை வெளியே கொண்டுவர மனிதன் கற்றுக்கொண்ட வரலாறு மிக நீண்டது. அதனைச் சுருக்கமாக இவ்வாண்டு மலரில் எழுதப் புகுந்தோம். நம் ஹல்துமுல்லைப் பகுதி அன்பர்களுக்கு இது பயன்படும் என்று நாம் கருதுவதற்குக் காரணம் ஒன்று உண்டு. அதனை முதலிற் சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பகுதித் தோட்டம் ஒன்றிலே இரண்டு வயதுப் பெண்குழந்தை ஒன்றுக்கு இருமல் கண்டது. பெயரும் தோட்டமும் இங்கு வேண்டா. இருமல் மருந்து கொடுத்தார்கள், குறைந்தது, மறுபடியும் வந்தது. இழுப்பு என்று கருதி அதற்குரிய மருந்தும் கொடுத்தார்கள். கோயிலிலே மந்திரித்து நூலும் கட்டினார்கள். மூன்று மாதம் கழிந்தது. வலப்பக்கச் சுவாசப்பையிலே சளி கட்டிக் காய்ச்சலும் வந்துவிட்டது. கடைசியாகப் பார்த்த வயது முதிர்ந்த வைத்தியர் ஒருவர், மருந்துச் சீட்டை எழுதுமுன் பாட்டியைப் பார்த்து, "அம்மா, இந்த இருமல் தொடங்கின அன்றைக்குப் பிள்ளை என்ன சாப்பிட்டுக்கொண்டிருந்தது? திடீரென்று புரை ஏறியதா?" என்று கேட்டார். பாட்டிக்குத் தெரியாது. தாய்க்கும் தெரியாது, அவள் அந்நேரம் மலையிலே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்திலே நின்ற ஏழு வயது அண்ணன் அழத் தொடங்கினான். திருவிழாவிலே வாங்கிய கச்சானைத் தங்கைக்கு ஊட்டியவன் அவனே. தங்கை புரையேறி முகம் கறுத்துப் பின் தெளிந்ததைக் கண்டவனும் அவனே. ஏச்சுக்கும் அடிக்கும் பயந்து மூன்று மாதமும் அதனை நெஞ்சுக்குள்ளே பூட்டி வைத்திருந்தான்.

குழந்தையைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே சுவாசக் கிளைக்குழலிலிருந்து அரைக் கச்சான் பருப்பு ஒன்றை எடுத்தார்கள். குழந்தை பிழைத்தது. தங்கையின் மார்பிலே கச்சான் இருந்தது. அண்ணனின் மார்பிலே பயம் இருந்தது. இவ்விரண்டையும் எடுக்க வேண்டியிருந்தது என்பதை அன்பர்கள் மனத்திற் கொள்க. கட்டுரையின் முடிவில் இதற்கு மீண்டும் வருவோம்.

இரண்டு வழிகள்

தொண்டைக்குக் கீழே இரண்டு வழிகள் உள்ளன. முன்னே இருப்பது சுவாசக் குழல். பின்னே இருப்பது உணவுக் குழல். நாம் விழுங்கும்பொழுது குரல்வளையின் மேலுள்ள மூடி சாய்ந்து சுவாச வழியைக் காக்கிறது. சிரித்துக்கொண்டோ, அழுதுகொண்டோ, ஓடிக்கொண்டோ உண்ணும் குழந்தை திடீரென மூச்சை உள்ளிழுக்கும்பொழுது அந்தக் காவல் தவறுகிறது. அப்பொழுதுதான் புரை ஏறுகிறது.

உணவுக் குழலிற் சென்ற பொருள் மூன்று இடங்களில் தங்கக் கூடும்: கழுத்தின் அடியிலுள்ள ஒடுக்கம், நெஞ்சிலே பெருநாடி வளையும் இடம், இரைப்பையின் வாயில். இவற்றைக் கடந்து இரைப்பையை அடைந்துவிட்டால் நூற்றுக்கு எண்பது தொண்ணூறு பொருள்கள் தாமாகவே மலத்துடன் வெளியேறிவிடும். சத்திரசிகிச்சை வேண்டியவை நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. சுவாசக் குழலிற் சென்ற பொருளின் கதை வேறு. அது பெரிதாயின் மூச்சை அடைத்துச் சில நிமிடங்களிற் கொல்லும். சிறிதாயின் கிளைக்குழலில் இறங்கி ஒளிந்துகொள்ளும். வலக் கிளைக்குழல் இடத்ததனினும் அகன்றும் நேராகவும் இருப்பதால் பெரும்பாலும் வலப்பக்கமே செல்லும். கச்சான், கடலை, பயறு போன்றவை அங்குள்ள ஈரத்தில் ஊறிப் பருக்கும், அழற்சியை உண்டாக்கும், சளி கட்டும். முதல் நாள் மூச்சுத் திணறல் அடங்கியதும் யாவரும் ஆபத்து நீங்கியது என்று எண்ணுவர். உண்மையில் அது உறங்கத் தொடங்கியிருக்கும்.

சுசுருதர் கண்ட சல்லியம்

நம் முன்னோர் இதனை எவ்வாறு நோக்கினர்? ஆயுர்வேதத்தின் எட்டு அங்கங்களுள் ஒன்று சல்லிய தந்திரம். சல்லியம் என்பது உடலுள்ளே புகுந்து வருத்தும் அந்நியப் பொருள். அம்பு, முள், எலும்பு முதலியன. சத்திர வைத்தியம் முழுவதற்கும் அப்பெயரே ஆயிற்று என்றால், அந்நியப் பொருளை எடுத்தலே அத்துறையின் தலையாய பணி என்று அக்காலத்தார் கருதினர் என்பது விளங்கும். சுசுருத சங்கிதையின் சூத்திரத்தானத்திலே 26ஆம் அத்தியாயம் மறைந்த சல்லியத்தைக் கண்டறிதலையும், 27ஆம் அத்தியாயம் அதனை எடுத்தலையும் கூறுகின்றன. பல நூற்றாண்டுகளாக வளர்ந்த அந்நூல், இன்றைய வடிவத்தை அடைந்தே ஏறக்குறைய ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் ஆயின.

அரக்காலான பொருள் ஒன்று தொண்டையிற் சிக்கினால், தொண்டைக்குள் ஒரு குழாயைச் செலுத்தி, அதனூடாகக் காய்ச்சிய கம்பி ஒன்றை விட்டு, அது அரக்கிற் பதிந்ததும் குளிர்ந்த நீரால் இறுகச் செய்து இழுக்குமாறு அந்நூல் கூறுகிறது. அரக்கல்லாத பொருளாயின் கம்பியின் நுனியிலே அரக்கோ மெழுகோ பூசி அதில் ஒட்டச் செய்ய வேண்டும். மீன்முள் போன்றது சிக்கினால், மயிர்ச்சுருள் ஒன்றை நீண்ட நூலிற் கட்டி நீராகாரத்துடன் விழுங்கச் செய்து, வாந்தி எடுக்கும் வேளையில் முள் அதிற் பின்னிக்கொண்டதும் நூலை இழுக்க வேண்டும். உணவுக் கவளம் அடைத்துக்கொண்டால், அவன் எதிர்பாராத வேளையில் தோளிலே முட்டியால் ஓங்கி அடிக்க வேண்டும்.

இவற்றை இன்று நாம் வீட்டிற் செய்து பார்க்க எழுதவில்லை. காய்ச்சிய கம்பியைப் பிள்ளையின் தொண்டைக்குள் விட யாரும் நினைக்கலாகாது. ஆயின் வரலாற்றில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதலில் ஒரு குழாய். அக்குழாயினூடே ஒரு கருவி. இன்றைய வைத்தியமும் இதே முறையில்தான் நிற்கிறது. அன்று குழாய் இருந்தது. உள்ளே பார்ப்பதற்கு ஒளி இல்லை. அந்த ஒளி தொண்டைக்குள் இறங்கிய கதையே இனி வருவது.

வித்தை காட்டிய பொறியியலாளர்

இங்கிலாந்திலே பெரும் பாலங்களையும் புகையிரதப் பாதைகளையும் கப்பல்களையும் அமைத்துப் புகழ்பெற்ற இசம்பார்ட் புறூனல் என்பவர் 1843ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் தம் பிள்ளைகளுக்குச் செப்படி வித்தை காட்டினார். வாயில் மறைத்து வைத்திருந்த அரைப் பவுண் பொற்காசு வழுக்கிச் சுவாசக் குழலில் இறங்கி வலப்புறம் தங்கிற்று. அந்நாளிற் சிறந்த சத்திர வைத்தியரான சர் பெஞ்சமின் புறோடி தொண்டையிலே துளையிட்டு இடுக்கியாற் பற்ற முயன்றார். கண்ணுக்குத் தெரியாத காசை எங்ஙனம் பற்றுவது? முயற்சி பலிக்கவில்லை. ஈற்றில் புறூனல் தம்மை ஒரு பலகையிலே பிணைத்துத் தலைகீழாகத் திருப்பச் செய்தார். ஏறக்குறைய ஆறு வாரத்தின் பின், மே மாதம் 13ஆம் நாள், காசு வாய்வழியே வந்து விழுந்தது. செய்தியறிந்து இலண்டன் நகரமே மகிழ்ந்தது. செல்வமும் புகழும் சிறந்த வைத்தியரும் சூழ இருந்த ஒருவருக்கே இக்கதி என்றால், ஏழைக் குழந்தைகளின் நிலையை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

1868ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிறைபேர்க் நகர் வைத்தியர் அடோல்ப் குஸ்மால், வாள் விழுங்கும் வித்தைக்காரன் ஒருவனைக் கண்டார். வாள் நேராக இறங்குமாயின் குழாயும் இறங்கும் அன்றோ என்று அவருக்குத் தோன்றிற்று. அவ்வித்தைக்காரனின் உணவுக் குழலிலே நேரான உலோகக் குழாயைச் செலுத்திக் காட்டினார். நம் ஊர்ச் சந்தையிலே வாள் விழுங்குபவனைக் கண்டு காசு போட்டுவிட்டு நாம் போய்விடுவோம். அவரோ அதிலிருந்து ஒரு கருவியைப் பெற்றார். எனினும் அக்குழாயின் அடியைக் காணப் போதிய வெளிச்சம் அப்பொழுதும் கிடைக்கவில்லை.

கதிரும் விளக்கும்

1895ஆம் ஆண்டு நவம்பரில் வில்ஹெல்ம் ரொண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகர் ஆஸ்பத்திரியிலே ஜோன் மக்கின்ரயர் என்ற வைத்தியர், ஒரு குழந்தையின் தொண்டையிற் சிக்கிய அரைப் பென்னிக் காசை அக்கதிராற் படமெடுத்தார். கத்தி படாமல் உடலுக்குள்ளே இருக்கும் காசைக் கண்ணாற் காண முடிந்தது. இன்றும் வைத்தியர் அப்படத்தைப் பார்த்தே காசு எந்த வழியில் உள்ளது என்று சொல்வர். நேரே முன்னிருந்து எடுத்த படத்தில் காசு முழுவட்டமாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் உணவுக் குழலிலே இருக்கும். விளிம்பு மட்டும் கோடுபோலத் தெரிந்தால் சுவாசக் குழலிலே இருக்கக் கூடும். ஆயினும் கச்சானும் பிளாஸ்டிக்கும் எக்ஸ்ரேயிற் பெரும்பாலும் தெரியா. ஆகவே படம் தெளிவாயிருக்கிறது என்று மட்டும் கொண்டு பொருள் இல்லையென முடிவு செய்தல் ஆகாது.

1897ஆம் ஆண்டில் அதே பிறைபேர்க் நகரிலே குஸ்தாவ் கில்லியன் என்ற வைத்தியரிடம் 63 வயது விவசாயி ஒருவர் வந்தார். எலும்புத் துண்டு ஒன்று அவருடைய வலக் கிளைக்குழலிற் சிக்கியிருந்தது. கில்லியன் தொண்டையை மருந்தால் மரத்துப்போகச் செய்து, நேர்க்குழாய் ஒன்றை வாய்வழியே செலுத்தி, நெற்றி விளக்கின் ஒளியில் அவ்வெலும்பைக் கண்டு, இடுக்கியாற் பற்றி எடுத்தார். உயிருள்ள மனிதனின் சுவாசக் கிளைக்குழலைப் பார்த்து அந்நியப் பொருளை எடுத்தது அதுவே முதன்முறை. பிராங்கோஸ்கோப் என்னும் சுவாசக்குழல் நோக்கியின் தந்தை என்று கில்லியனைப் போற்றுவர்.

செவாலியர் ஜாக்சன்

இத்துறையைக் குழந்தைகளுக்கு உரியதாக்கியவர் அமெரிக்க வைத்தியர் செவாலியர் ஜாக்சன். செவாலியர் என்பது இங்கே பட்டம் அன்று. பெற்றோர் இட்ட பெயரே. 1865இல் பிற்ஸ்பேர்க் நகரில் பிறந்து 1958இல் மறைந்தார். குழாயின் அடிமுனையிலேயே சிறு மின்விளக்கைப் பொருத்திச் சளியை உறிஞ்சும் வழியையும் அமைத்துக் கருவியைத் திருத்தினார். 1907இல் இத்துறைக்கென நூல் எழுதினார். வாய் திறந்த ஊக்கு ஒன்று குழந்தையின் தொண்டையிலே மேல்நோக்கி நின்றால் அதனை இழுக்குந்தோறும் கிழிக்கும். அத்தகைய ஊக்கை உள்ளேயே மூடியோ திருப்பியோ எடுப்பதற்குத் தனித்தனி இடுக்கிகள் செய்தார். எடுத்த பொருள் ஒவ்வொன்றையும் குறிப்புடன் பாதுகாத்தார். காசு, பொத்தான், ஆணி, ஊக்கு, எலும்பு, விதை, விளையாட்டுப் பொருள் என 2,374 பொருள்கள் பிலடெல்பியா நகரின் முட்டர் அரும்பொருளகத்திலே இன்றும் உள்ளன. சுவாசக் குழலிற் பொருள் சிக்கியோரில் நூற்றுக்கு 24 பேர் இறந்த நிலை மாறி, அவருடைய முறைகள் பரவிய பின் நூற்றுக்கு இருவராகக் குறைந்தது என்று வைத்திய நூல்கள் கூறும்.

அவர் தம் வாழ்க்கை வரலாற்றிலே ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார். நிலக்கரிச் சுரங்கப் பகுதியைச் சேர்ந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, வீட்டிலே துப்புரவுக்கு வைத்திருந்த காரத்தை அறியாமல் விழுங்கி உணவுக் குழல் வெந்து சுருங்கியவளாய் வந்தாள். பல நாட்களாக ஒரு துளி நீரும் இறங்கவில்லை. ஜாக்சன் குழாயைச் செலுத்தி அடைத்திருந்ததை நீக்கினார். பின்னர் ஒரு குவளை தண்ணீர் கொடுத்தார்கள். புரையேறும் என்று அஞ்சி ஒரு மிடறு குடித்தாள், இறங்கிற்று. மற்றொரு மிடறும் இறங்கிற்று. அவள் குவளையை மெல்ல ஒதுக்கிவிட்டு வைத்தியரின் கையைப் பற்றி முத்தமிட்டாள்.

வேறொருவராயின் அவ்வளவில் நிறைவு கொண்டிருப்பர். ஜாக்சன் இத்தனை குழந்தைகள் ஏன் காரத்தை விழுங்குகின்றன என்று வினவினார். போத்தலிலே நஞ்சு என்ற எச்சரிக்கை இல்லாமையே காரணம் என்று கண்டு பல ஆண்டுகள் போராடினார். 1927ஆம் ஆண்டில் அத்தகைய காரப் பொருள்களுக்கு எச்சரிக்கைச் சீட்டு ஒட்டவேண்டும் என்ற சட்டம் அமெரிக்காவில் நிறைவேறிற்று. இடுக்கி காத்த உயிர்கள் ஆயிரக்கணக்கின. அச்சீட்டுக் காத்தவற்றை எண்ணுவார் யார்?

ஜாக்சன் 1935 முதல் 1941 வரை பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியின் தலைவராக இருந்தார். 1886ஆம் ஆண்டில் நம் இந்துப் பெண்மணி ஆனந்திபாய் ஜோஷி வைத்தியப் பட்டம் பெற்ற கல்லூரி அதுவே. மருமகளாய் வந்த வீட்டிலே தன் முதற் குழந்தையைப் பத்து நாட்களிற் பறிகொடுத்த துயரே அவரை வைத்தியம் கற்கக் கடல் கடக்கச் செய்தது. குழந்தை ஒன்றின் உயிர் எத்தனை பெரிய காரியங்களுக்கு வித்தாகிறது என்பதற்கு இதுவும் சான்று.

நம் நாட்டிலும் நம் மலையிலும்

மேலைச் சத்திர வைத்தியம் தமிழிலே வந்ததற்கு இலங்கையே முதன்மையான களம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயிலே வைத்தியம் செய்தும், மாணவர்க்குக் கற்பித்தும், 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்' முதலிய நூல்களைத் தமிழில் வெளியிட்டும் 1873 வரை உழைத்தார். அவரிடம் பயின்ற தமிழ் வைத்தியர் அறுபதுக்கு மேற்பட்டோர். தொண்டையின் உள்ளமைப்பைத் தமிழிற் சொல்ல முடியும் என்பதை அவர் அன்றே காட்டினார்.

மலைநாட்டின் நிலை வேறு. கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் இங்கு வந்த நம் முன்னோர்க்கு வைத்திய வசதி எளிதிற் கிட்டவில்லை. 1872ஆம் ஆண்டு மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் வந்தது. தோட்டப் பகுதிகளுக்கு வைத்திய அதிகாரிகளை அமர்த்தவும் அச்செலவைத் தோட்டங்களிடம் பெறவும் அது வழி செய்தது. 1912இல் வந்த சட்டம் தோட்டத்துரைமார்க்கு மேலும் சில கடமைகளை விதித்தது. தோட்டத்து டிஸ்பென்சரியும் மருந்துக்காரரும் அவ்வழி வந்தவை. காய்ச்சலுக்கும் வயிற்றோட்டத்துக்கும் அவை ஒருவாறு உதவின. சுவாசக் குழலிற் சிக்கிய கச்சானை எடுக்க அவை என் செய்யும்? பதுளைக்குப் புகையிரதம் வந்ததே 1924இல். ஹல்துமுல்லையிலிருந்து பெரகலை, அப்புத்தளை, பண்டாரவளை, ஹாலிஎலை வழியாகப் பதுளைப் பெரியாஸ்பத்திரி இன்றும் ஐம்பது கிலோமீற்றருக்கு மேல். வளைவும் பனியும் நிறைந்த பாதை. லயத்திலிருந்து பெருந்தெருவுக்கு வருவதற்கே ஒரு பொழுது செல்லும் தோட்டங்கள் உள்ளன.

மற்றொன்றும் உண்டு. தாய் விடியலிலே பெரட்டுக்குப் போய்விடுவாள். கைக்குழந்தை பிள்ளைக்காம்பராவில் ஆயாவிடம் இருக்கும். இன்னும் சில வீடுகளிலே ஏழெட்டு வயது அக்காளிடமோ கண் மங்கிய பாட்டியிடமோ இருக்கும். நேர்ந்ததைக் கண்டவர் குழந்தையே ஆனால், வைத்தியருக்கு வேண்டிய முதற் செய்தி பயத்தில் மறைந்துபோகிறது.

ஒளி வளைந்தது

ஜாக்சனின் குழாய் நேரானது. வளையும் கண்ணாடி இழைகளின் வழியே உருவத்தைக் கடத்தலாம் என்று 1954இல் இங்கிலாந்திலே ஹரோல்ட் ஹொப்கின்ஸும், பஞ்சாபிலே பிறந்த நரிந்தர் சிங் கப்பானியும் அறிவித்தனர். அதனைக் கொண்டு 1957இல் பசில் ஹிர்ஷோவிட்ஸ் வளையும் இரைப்பை நோக்கியை ஆக்கினார். 1960களின் பிற்பகுதியில் ஜப்பானிய வைத்தியர் சிகெட்டோ இக்கேடா வளையும் சுவாசக்குழல் நோக்கியை ஆக்கினார். ஹொப்கின்ஸ் அமைத்த கோல்வில்லைகள் நேர்க்குழாயின் காட்சியையும் தெளிவாக்கின. இன்று குழந்தையை முழு மயக்கத்தில் ஆழ்த்தி, மூச்சுக்கு வழி வைத்துக்கொண்டே, திரையிற் பார்த்துப் பொருளை எடுக்கிறார்கள். சுவாசக் குழலுக்குப் பெரும்பாலும் நேர்க்குழாயே இன்னும் சிறந்ததாகக் கொள்ளப்படுகிறது.

ஆஸ்பத்திரிக்கு வருமுன் மூச்சடைத்தவரைக் காக்கும் முறையும் வளர்ந்தது. 1974இல் அமெரிக்க வைத்தியர் ஹென்றி ஹைம்லிக், வயிற்றின் மேற்பகுதியை உள்ளும் மேலுமாக அழுத்திச் சுவாசப்பையின் காற்றாலேயே பொருளை வெளியேற்றும் முறையை வெளியிட்டார். முதுகில் அடித்தல் தீங்கு என்று அவர் வாதித்தார். சிறிது காலம் உலகமும் அதனை ஏற்றது. பின்னர் ஆராய்ந்து, 2006இல் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் முதுகில் அடித்தலையும் மீண்டும் சேர்த்துக்கொண்டது. சுசுருதரின் முட்டி ஒருவாறு திரும்பி வந்தது என்க.

புதிய பகைவன்

அக்காலத்திற் காசும் ஊக்கும் பகைவர். இக்காலத்திற் காசினும் கொடியது ஒன்று வீடுதோறும் புகுந்துள்ளது. அது பொத்தான் பற்றரி. ரிமோட்டிலும், கைக்கடிகாரத்திலும், ஒளிவீசும் விளையாட்டுப் பொருளிலும், பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டையிலும் உள்ளது. பார்வைக்குச் சிறு காசு. உணவுக் குழலிற் சிக்கினால் அதன் மின்னோட்டம் அங்குள்ள ஈரத்திலிருந்தே கடுங்காரத்தை உண்டாக்குகிறது. இரண்டு மணி நேரத்திலே தசை வேகத் தொடங்கும். ஜாக்சன் எந்தக் காரத்தோடு போராடினாரோ அதே காரம் இன்று குழந்தையின் நெஞ்சுக்குள்ளேயே பிறக்கிறது. எக்ஸ்ரேயிலே காசு ஒற்றை வட்டமாகவும் பற்றரி இரட்டை வளையமாகவும் தெரியும். காசாயின் சில வேளை காத்திருப்பர். பற்றரி உணவுக் குழலில் இருப்பின் ஒரு கணமும் காத்திருத்தல் ஆகாது. ஒன்றுக்கு மேற்பட்ட காந்தத் துண்டுகளை விழுங்குதலும் அத்தகையதே. குடலின் இரு மடிப்புகளை அவை பற்றி நசுக்கித் துளைத்துவிடும்.

ஒரு வயதுக்கு மேற்பட்ட, விழுங்கக் கூடிய நிலையிலுள்ள குழந்தை பன்னிரண்டு மணி நேரத்துக்குள் பற்றரியை விழுங்கியிருந்தால், ஆஸ்பத்திரிக்குச் செல்லும் வழியிலே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி தேன், ஆறு முறை வரை கொடுக்கலாம் என்று 2018ஆம் ஆண்டு ஆராய்ச்சியின் பின் வைத்தியர்கள் கூறுகின்றனர். தேன் தேடிப் பயணத்தைத் தாமதிக்கலாகாது. ஒரு வயதுக்கு உட்பட்ட சிசுவுக்குத் தேன் கூடவே கூடாது.

நாம் செய்ய வேண்டுவன

குழந்தை சத்தமாக இருமுமாயின் இருமவிடுக. அதனினும் சிறந்த கருவி இல்லை. சத்தமின்றித் திணறி முகம் நீலம் பாரித்தால் உடனே செயற்படுக. ஒரு வயதுக்கு உட்பட்ட சிசுவை முன்கையிலே குப்புறத் தலை தாழக் கிடத்தித் தோள்களுக்கிடையே உள்ளங்கையின் அடியால் ஐந்து முறை தட்டுக. பின் மல்லாத்தி மார்பெலும்பின் நடுவே இரு விரலால் ஐந்து முறை அழுத்துக. ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையாயின் முதுகில் ஐந்து தட்டு, பின்னின்று அணைத்து மேல்வயிற்றிலே ஐந்து அழுத்தம். பொருள் வரும்வரை மாறி மாறிச் செய்க. பிள்ளை மயங்கிவிட்டால் மார்பை அழுத்தி உயிர்ப்பூட்டும் முதலுதவியைத் தொடங்குக. உடனிருப்பவர் 1990 என்னும் எண்ணுக்கு அழைத்துச் சுவசெரிய அம்புலன்ஸை வரவழைக்கலாம். 2016இற் தொடங்கிய அச்சேவை ஊவாவுக்கும் வந்துள்ளது.

கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலை விட்டுத் தேடலாகாது. அது மேலும் உள்ளே தள்ளும். சிக்கியதைத் தள்ளுவதற்கென்று வாழைப்பழமும் சோற்றுருண்டையும் ஊட்டலாகாது. மண்ணெண்ணெயோ காரமோ குடித்த பிள்ளையை வாந்தி எடுக்கச் செய்யலாகாது. ஐந்து வயதுக்கு உட்பட்டோர்க்கு முழுக் கச்சான் வேண்டா. ரம்புட்டானின் விதையை நீக்கிச் சதையை மட்டும் கொடுக்க. மண்ணெண்ணெயைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைக்கலாகாது. பழைய பற்றரியைப் பிள்ளையின் கைக்கு எட்டாத இடத்தில் ஒட்டுத்தாள் சுற்றி வைத்து அகற்றுக.

வாலிப அன்பர்களே! இவை சிறு செயல்கள். பிள்ளைக்காம்பராவில் உள்ள ஆயாமார்க்கும், வீட்டில் தம்பி தங்கையைப் பார்க்கும் சிறுவர் சிறுமியர்க்கும் இம்முதலுதவியை நாம் கற்பிக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு துணிப் பொம்மையும் போதும்.

இன்னும் ஒன்று கூறி முடிப்போம். சுசுருத சங்கிதை சல்லியத்தை எடுக்கப் பதினைந்து வழிகள் கூறுகிறது. அறுத்தல், அழுத்தல், உறிஞ்சல், வாந்தி, காந்தம் என்று எண்ணிக்கொண்டு வந்து பதினைந்தாவதாக மகிழ்ச்சியைச் சொல்கிறது. மனத்திலே தைத்த துயரம் என்னும் சல்லியத்தை எடுக்கும் கருவி அதுவாம். தங்கைக்குக் கச்சான் ஊட்டிய அந்த அண்ணனை நினைக்கிறோம். அவன் உண்மையைச் சொன்ன அன்று வைத்தியர் அவனைத் தட்டிக் கொடுத்து, "நீ சொன்னதனால்தான் தங்கைச்சி பிழைத்தாள், தம்பி" என்றாராம். அந்தச் சொல் அவன் நெஞ்சிலிருந்ததை எடுத்துவிட்டது.

நம் வீடுகளிலே பிள்ளை ஒன்றை விழுங்கிவிட்டது என்று ஓடிவந்து சொல்லும் சிறுவனை ஏசாமல், அடிக்காமல், "சொன்னாயே, நல்ல பிள்ளை" என்று அணைத்துக்கொள்ளும் பழக்கம் உண்டாகுமாயின், பதுளைக்குள்ள ஐம்பது கிலோமீற்றர் தூரத்திலே பாதி அப்பொழுதே குறைந்துவிடும். எல்லாம் வல்ல இறைவன் நம் குழந்தைச் செல்வங்களைக் காப்பானாக.